ஆவணப்பட இயக்குநராக இருந்து குடும்பம் நடத்த முடியுமா? அதற்கு என்ன படிக்க வேண்டும்?

கேட்டவர் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டு வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பவர் என்று நினைக்கிறேன். நானும் அப்படி இருந்தவன்தான்.

முடியும். ஆனால் ஆவணப்படத்தை மட்டும் நம்பி முடியாது. திருகோணமலையில் 14 வருடமாக என் வீட்டு அடுப்பு எரிவது கல்யாண வீடியோவாலும், தொண்டு நிறுவனங்களுக்குச் செய்து கொடுக்கும் பத்து நிமிடப் படங்களாலும்தான். "அப்போ நீ இயக்குநரே இல்லை" என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். சிங்கள சினிமாவின் பெரிய இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸும் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் சம்பளத்துக்கு ஆவணப்படம் எடுத்தவர்தான்.

என்ன படிப்பது? ஒலியைப் படியுங்கள்.

என் முதல் படம் நிலாவெளிப் பக்கத்துக் கரைவலை, அதாவது கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் மீன்பிடி, பற்றியது. அங்கே வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பாடும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் அடி எடுத்துக் கொடுக்க, கயிற்றில் நிற்கிறவர்கள் திருப்பிப் பாடிக்கொண்டே இழுப்பார்கள். ஆறு நாள் எடுத்தேன். மீன் சேரும் வலையின் மடி கரையேறி, சூடை மீன் மணலில் துள்ளுவது வரை எல்லாம் கண்ணாடிபோல விழுந்திருந்தது. வீட்டில் ஹெட்போன் போட்டுக் கேட்டால் கச்சான் காற்று மட்டும்தான். கமராவோடு வந்த மைக்கையே நம்பியிருந்தேன். பெரியவரை வீட்டில் உட்கார்ந்து பாடித் தரச் சொல்லிக் கேட்டேன். "கையில் கயிறு இல்லாமல் வராது தம்பி" என்றார்.

பணம் சேர்த்து அடுத்த வருடம் போனேன். உழவு இயந்திரத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் பூட்டி வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் தோணி நிழலில் இருந்தார். "யாருக்குப் பாடுறது?" என்று மட்டும் கேட்டார். அவர் காலமான பிறகு அவருடைய மகள் வந்து அப்பாவின் குரல் இருக்கா என்று கேட்டா. ஆறு நாள் பதிவில் காற்று இல்லாமல் இருந்தது 11 விநாடி. அதைத்தான் அவவின் போனில் போட்டுக் கொடுத்தேன்.

வின்ச் வைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. கயிறு இழுக்க ஆள் கிடைக்காத கஷ்டம் எனக்கும் தெரியும்.

  

சரி, கமரா. பழையது போதும். முதலில் நல்ல மைக்கும், காற்றைத் தடுக்கும் பஞ்சு உறையும், ஹெட்போனும் வாங்குங்கள். அப்புறம், வீட்டில் ஒரு வயதானவர் பாடுவார், கதை சொல்வார் என்றால் இந்தப் பதிலை வாசித்து முடித்ததும் கையில் இருக்கும் போனிலாவது பதிந்து வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு.