பெயரைப் பார்த்துப் புத்தகம் எடுப்பவர்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோருக்கும் படிக்கும் பழக்கம் உண்டு. ஆனால் என் கணவர் அட்டையில் பெண் பெயரைக் கண்டால், ‘இது குடும்பக் கதையாக இருக்கும்’ என்று சொல்லிப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுகிறார். எழுதியவர் ஆணா பெண்ணா என்று பார்த்தா மக்கள் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?
– வாசகி, திருச்சி

பதில்: பலர் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், சகோதரி, தாம் அப்படிச் செய்கிறோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. பதிப்பாளர்களுக்குத் தெரியும். 1997இல் ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் வெளிவந்தபோது, பெண் எழுதியது என்றால் சிறுவர்கள் தயங்குவார்கள் என்று அஞ்சிய பதிப்பகத்தார், ஜோன் ரௌலிங்கின் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கச் சொன்னார்கள். இரண்டாவது எழுத்துக்கு அவர் தம் பாட்டியின் பெயரை நாட வேண்டியிருந்தது.

எழுத்தைப் படித்தாலே எழுதியவர் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும் என நம்புகிறவர்கள், அமெரிக்க அறிவியல் புனைகதையில் நடந்த ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1960களின் இறுதியில் ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற பெயரில் சிறந்த கதைகள் வெளிவரத் தொடங்கின. அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. அவர் பெண்ணாக இருக்கலாம் என்று சிலர் ஐயுற்றபோது, ராபர்ட் சில்வர்பெர்க் என்னும் தேர்ந்த எழுத்தாளர், அந்த நடையில் ஆண்மை தவிர்க்க முடியாதபடி தெரிகிறது என்று 1975இல் ஒரு தொகுப்பின் முன்னுரையில் எழுதினார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் உண்மை வெளிப்பட்டது: டிப்ட்ரீ என்பவர் அறுபது வயதைக் கடந்த ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி. சில்வர்பெர்க் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஜார்ஜ் எலியட் என்ற பெயரில் எழுதியவர் பெண்ணாக இருக்கக்கூடும் என்று 1858இல் சார்லஸ் டிக்கன்ஸ் சரியாக ஊகித்ததும் உண்டு. ஆயினும் அவ்வளவு நுட்பமான வாசகர் எத்தனை பேர்?

உங்கள் கணவர் சொல்லும் ‘குடும்பக் கதை’க்கு வருகிறேன். அது தவறான சொல் அன்று. குடும்பத்தை எழுதுவது சிறிய வேலையும் அன்று. பெண் எழுதினால் அதுவாகத்தான் இருக்கும் என்று படிக்காமலே முடிவு செய்வதுதான் என்னை வருத்துகிறது. இதில் பத்திரிகைகளாகிய எங்களுக்கும் பங்குண்டு. பெண்களின் எழுத்தை மகளிர் சிறப்பிதழுக்கென்று ஒதுக்கி ஒதுக்கியே வாசகரை அப்படிப் பழக்கியிருக்கிறோம். தமிழில் சாகித்திய அகாதெமி விருது பெற்ற முதல் பெண்ணான ராஜம் கிருஷ்ணன் (1973) எங்கெல்லாம் போனார் என்று பாருங்கள். ‘குறிஞ்சித்தேன்’ நீலகிரிப் படகர்களின் வாழ்வைச் சொல்கிறது. ‘முள்ளும் மலர்ந்தது’ சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளையர்களைச் சொல்கிறது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது ‘கரிப்பு மணிகள்’. களத்துக்கு நேரில் சென்று, மக்களோடு பழகி எழுதிய அவரை, அட்டையில் உள்ள பெயருக்காக ஒருவர் படிக்காமல் விட்டால், இழப்பு படிக்காதவருக்குத்தான்.

கேள்வி: அப்படியானால் ஆண்கள் ஏன் பெண் பெயரில் எழுதினார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: காரணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் இருந்ததால், இன்னொரு ரங்கராஜன் தம் மனைவியின் பெயரைச் சூடிக்கொண்டு சுஜாதா ஆனார். ‘திருவரங்கன் உலா’ என்ற வரலாற்று நாவலை எழுதிய ஸ்ரீவேணுகோபாலன்தான், முற்றிலும் வேறு வகையான விறுவிறுப்புக் கதைகளைப் புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் எழுதினார். இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்று அறியாமல் படித்தவர்கள் இருந்தார்கள். திருச்சி வாசகிக்கு இதிலிருந்து ஒரு யோசனை: ‘கரிப்பு மணிக’ளுக்குப் பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவது போலப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, பெயரை மறைத்து, உங்கள் கணவரிடம் கொடுங்கள். முதல் ஐம்பது பக்கங்களை அவர் படித்து முடித்த பிறகு தாளைப் பிரிக்கலாம்.