அறிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். டக்போட்டில் (பெரிய கப்பல்களை இழுக்கும் படகில்) வேலை செய்த என் கணவர் ஐந்து மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். சரக்குக் கப்பல் ஒன்றைத் துறையில் அணைக்கும்போது கயிறு அறுந்து அடித்துவிட்டது. நிற்கக் கூடாத இடத்தில் நின்றார் என்று அவருடைய கம்பெனி சொல்கிறது. ஒரு தொகை தருவதாகச் சொல்லி, கையெழுத்துப் போட ஒரு தாளும் கொடுத்திருக்கிறது. விசாரிக்க வந்த கடல் துறை அதிகாரியோ, யார்மீதும் பழி சொல்வது தங்கள் வேலை இல்லை என்கிறார். பிறகு அந்த விசாரணையால் எனக்கு என்ன பயன்? உடன் வேலை செய்த ராமநாதபுரத்துத் தம்பி, அறுந்தது கப்பலிலிருந்து இறக்கிய கயிறு என்கிறார். ஆனால் பெர்மிட் போய்விடுமோ என்று வாக்குமூலம் கொடுக்கப் பயப்படுகிறார். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இனி வேறு யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன் என்ற வரி அதில் எங்கேயாவது இருக்கும். வயது வராத பிள்ளைகளின் கோரிக்கையை நீதிமன்ற ஒப்புதல் இல்லாமல் பேசி முடிக்கவும் முடியாது. மலேசியாவின் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 76ஆம் கட்டளை அதற்காகவே இருக்கிறது. உடனே போடுங்கள் என்று அவசரப்படுத்தினால், தாளை வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அதிகாரி சொன்னது உங்களுக்கு வலித்திருக்கும். ஆனால் அவர் சொன்னது சரி. அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் விபத்து விசாரணை நெறிமுறை 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. உயிர் போன கப்பல் விபத்தை விசாரித்தே ஆக வேண்டும் என்கிறது அது. அந்த விசாரணையின் நோக்கம் பழியைப் பங்கிடுவது அல்ல என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் கடல், குழாய், ரயில், விமான விபத்துகளை ஒரே தேசிய வாரியம் விசாரிக்கிறது. அந்த வாரியத்தின் அறிக்கையை நஷ்டஈட்டு வழக்கில் சாட்சியமாகக் காட்டுவதைச் சட்டமே தடுத்திருக்கிறது. தான் சொல்வது நாளை தன் கழுத்துக்கே வரும் என்று தெரிந்தால் எந்த மாலுமி வாயைத் திறப்பார்?

இப்படிப்பட்ட விசாரணை எதைக் கண்டுபிடிக்கும் என்பதற்கு உங்கள் கணவருக்கு நேர்ந்ததைப் போன்ற ஒரு விபத்தையே சொல்கிறேன். 2015 மார்ச்சில் வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்ட் ஹேவன் துறைமுகத்தில் 'ஸார்கா' என்ற எரிவாயுக் கப்பலைக் கட்டும்போது கயிறு அறுந்து ஓர் அதிகாரிக்குத் தலையில் பலத்த காயம். அவர் நின்ற இடத்தை ஆபத்தான இடம் என்று கப்பலில் யாரும் குறித்திருக்கவில்லை. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு கயிற்றைப் பிரித்துப் பார்த்தது. மேலுறை நன்றாக இருந்தது. உள்ளே இழைகள் நைந்து போயிருந்தன. கயிறு கட்டும் தளத்தில் இங்கே நின்றால் பத்திரம் என்று கோடு போட்டு வைப்பதை இன்று பலரும் நம்புவதில்லை. 'நிற்கக் கூடாத இடத்தில் நின்றார்' என்று கம்பெனி சொல்லும்போது, அந்த இடத்தை யார், எப்போது, எதில் குறித்து வைத்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். 2024 ஜனவரி 1 முதல், கப்பல் பாதுகாப்புக்கான அனைத்துலக ஒப்பந்தமான சோலாஸ் விதிகளின்படி கப்பலின் கட்டுக் கயிறுகளைச் சோதித்துப் பராமரித்தாக வேண்டும். அந்தப் பதிவேடு கப்பலில் இருக்க வேண்டும். அதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

நம் நாட்டிலேயே நடந்த இன்னொரு விசாரணையைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 1ஆம் தேதி சிலாங்கூரின் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து எரிந்தபோது நாசவேலையா என்றுதான் ஊரே கேட்டது. ஜூன் 30இல் வெளியான முடிவு வேறு: அடியில் இருந்த மண் மென்மையானது, குழாய்க்குத் திரும்பத் திரும்ப அழுத்தம் ஏறி வெல்டிங் இணைப்பு தளர்ந்துவிட்டது, குற்றச் செயல் எதுவும் இல்லை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். குற்றச் செயல் இல்லை என்றால் யாருக்கும் பொறுப்பு இல்லை என்று சட்டம் சொல்லவில்லை. கவனக்குறைவுக்கான சிவில் வழக்கு தனி, அதற்கான அளவுகோலும் தனி.

இனி உங்கள் வழக்கு. கணவர் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில்) பதிவானவர் என்றால் சார்ந்தோர் பென்ஷன் உங்களுக்கு வர வேண்டும்: ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. இதற்கு யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. ஆனால் 1969ஆம் ஆண்டின் சொக்சோ சட்டம், 31ஆம் பிரிவில் ஒரு கதவை மூடிவிடுகிறது: வேலை விபத்துக்காக முதலாளிமீதோ, அவருடைய மற்ற ஊழியர்கள்மீதோ நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. இதைக் கேட்டதும் பல குடும்பங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றன. அந்தத் தடை முதலாளிக்கும் அவருடைய ஊழியர்களுக்கும் மட்டும்தான், வெளியாருக்கு இல்லை. அதனால்தான் கயிறு யாருடையது என்ற கேள்வியிலேயே உங்கள் வழக்கு நிற்கிறது. டக்போட்டின் கயிறு என்றால் வழி குறுகிவிடும். கப்பலின் கயிறு என்றால் கப்பல் முதலாளிமீது வழக்குத் தொடரலாம். சம்பளச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். சம்பளம் கொடுத்த கம்பெனி வேறு, படகுக்குச் சொந்தக்காரர் வேறு என்று இருந்தால் அதுவும் முக்கியம்.

கப்பல் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். அதன் குறைபாட்டாலோ அதன் ஆட்களின் தவற்றாலோ உயிர் போனால் கப்பலையே பிரதிவாதியாக்கி வழக்குப் போடலாம். அது மறுபடி மலேசியக் கடலுக்குள் வரும்போது நீதிமன்ற உத்தரவின்பேரில் நிறுத்தியும் வைக்கலாம். கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே 2010 அக்டோபர் முதல் கடல்சார் நீதிமன்றம் இயங்குகிறது.

சாட்சியம்தான் அவசரம். 3,000 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களில் பயணப் பதிவுக் கருவி இருக்கும். கப்பலை இயக்கும் அறையில் பேசியது, ரேடியோ, ராடார் எல்லாம் அதில் பதிவாகும். 2014 ஜூலைக்குப் பிறகு பொருத்தியவை 30 நாள் பதிவை வைத்திருக்கும். பழையவற்றில் 12 மணி நேரம்தான். யாரும் தனியாக எடுத்து வைக்காவிட்டால் அது அழிந்திருக்கும். விசாரணை அதிகாரிகள் எடுத்து வைத்திருக்கலாம். அந்தப் பதிவையும், அறுந்த கயிற்றின் இரண்டு முனைகளையும், கயிற்றின் சான்றிதழையும் அழிக்காமல் வைக்கும்படி கப்பல் முதலாளிக்கும் அதன் முகவருக்கும் டக்போட் கம்பெனிக்கும் உங்கள் வழக்கறிஞர் இந்த வாரமே கடிதம் அனுப்ப வேண்டும். வழக்கு என்று வந்த பிறகு அந்தக் கயிற்றுத் துண்டு காணாமல் போனால் அதற்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பினாங்கில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே, அதில் அறிக்கையைக் கேட்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது மாநில அரசின் துறைகளுக்கு மட்டும். கடல் துறை மத்திய அரசுடையது. அதைவிட நல்ல வழி மரண விசாரணை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் மரண விசாரணை நடத்தும்படி அரசுத் துணை வழக்கறிஞருக்கு எழுதிக் கேளுங்கள். அது திறந்த நீதிமன்றம். சாட்சிகளை உங்கள் வழக்கறிஞர் கேள்வி கேட்க வழி உண்டு, ஆவணங்கள் வெளிச்சத்துக்கு வரும். 1988 ஜூலை 31இல் பட்டர்வொர்த் ஃபெர்ரி முனையம் இடிந்து 32 பேர் இறந்தபோது அரச ஆணையம் அமைந்தது. ஒருவர் இறந்தால் ஆணையம் அமைக்க மாட்டார்கள். நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

காலக்கெடுவை எழுதி வையுங்கள். சார்ந்தோர் வழக்கை, 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் 7ஆம் பிரிவின்படி, இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். துறைமுக அதிகாரமோ அரசுத் துறையோ எதிர்த்தரப்பில் சேர்ந்தாலும் 36 மாதங்கள்தான். கடல் துறையின் விசாரணை அறிக்கை அதற்குள் வரும் என்று யாரும் உங்களுக்கு உறுதி தர முடியாது, வராததால் கெடுவும் நீளாது. குடும்பத் தலைவரை இழந்த துயரத்துக்கென்று 30,000 ரிங்கிட் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அவர் சம்பாத்தியத்தை இழந்ததற்கான தொகை அதற்கு மேல். ஜெயித்தால் பங்கு என்று சொல்லிக்கொண்டு வரும் தரகர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். இந்த நாட்டில் வழக்கறிஞர் அப்படிப் பங்கு கேட்பது சட்டவிரோதம். கையில் பணம் இல்லையென்றால் பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்.

அந்தத் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். விசாரணையில் பேசும் மாலுமிக்கு, அது எப்படிப்பட்ட விசாரணை என்று விளக்க வேண்டும். தன்னைத் தானே குற்றவாளியாக்கிக்கொள்ளாமல் இருக்கச் சட்ட ஆலோசனை பெறவும் வழி கொடுக்க வேண்டும். இது முன்பு சொன்ன அனைத்துலக விசாரணை நெறிமுறையிலேயே இருக்கிறது. மலாயோ ஆங்கிலமோ தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேட்கட்டும். புரியாத தாளில் அவரும் கையெழுத்துப் போட வேண்டாம். அந்தக் கயிற்றில் நாளை இன்னொருவர் வேலை செய்வார், அது அவராகவே இருக்கலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் வழக்கறிஞர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். பெர்மிட் பிரச்சினையையும் அதே வழக்கறிஞரிடம் சொல்லட்டும்.