எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கறுப்பர்கள் கேட்கும் இனநீதி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதை நம் சாதியோடு ஒப்பிடலாமா? எங்கள் தெருப் பையனைச் 'சும்மா விசாரணைக்கு' என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் மூன்றாம் நாள் விட்டார்கள். உடம்பெல்லாம் வீக்கம். மறியலுக்குக் கிளம்பினோம். பெரியவர்கள் 'பொறுங்கப்பா, பேசிக்கலாம்' என்று தடுத்துவிட்டார்கள். சரிதானா?

– ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

முதலில் பையனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 'போலீஸ் அடித்தது' என்றே சொல்லிக் காயங்களைப் பதியவைத்து ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) கேளுங்கள். வீக்கம் வடிந்துவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

ஒப்பிடலாம். பிறப்பைப் பார்த்தே குற்றவாளி என்று எழுதுவது அங்கும் உண்டு, குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ரேகை வைத்த நம் பக்கத்திலும் உண்டு. அதை இத்தோடு விடுவோம்.

'மூன்றாம் நாள்' என்கிறீர்கள். எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள்? அதை ஏன் எழுதவில்லை? நாள் கணக்குப் பார்த்து வட்டி போட்டுச் சிட்டையும் பேரேடும் எழுதிய சீமை இது. ஒரு பிள்ளையை வண்டியில் ஏற்றிய நேரத்தைக் குறித்துவைக்கத் தெருவில் ஒருவர்கூட இல்லையா?

2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் இறந்ததை, போலீஸின் முதல் அறிக்கை உடல்நலக் கோளாறு என்றது. 17 வயதுப் பெண் கைபேசியில் எடுத்த காட்சி அதை உடைத்தது. கழுத்தில் போலீஸ்காரரின் முழங்கால் இருந்தது 8 நிமிடம் 46 விநாடி என்று முதலில் எழுதினார்கள். போலீஸ்காரரின் உடல் கேமராவை வைத்து அது 9 நிமிடம் 29 விநாடி என்று விசாரணையில் காட்டினார்கள். விடுபட்ட 43 விநாடிக்கும் கணக்குக் கேட்டார்கள், தம்பி!

நமக்கு 24 மணி நேரம். கைதானவரை அதற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரெஸ்ட் மெமோவில், அதாவது கைதுக் குறிப்பில், தேதி, நேரம், குடும்பத்தாரோ ஊர்க்காரரோ ஒருவரின் சாட்சிக் கையெழுத்து, பிடிபட்டவரின் கையெழுத்து எல்லாம் வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. 'விசாரணை' என்றால் மெமோ கிடையாது. மெமோ இல்லையென்றால் அவர்கள் காகிதத்தில் கடிகாரம் ஓடாது. மெமோ போடும்போதும் நேரத்தைக் காலியாக விட்டு மாமனையோ சித்தப்பாவையோ கையெழுத்துப் போடச் சொல்வார்கள். ரிமாண்டுக்குத் தோதான மணியை ஸ்டேஷன் ரைட்டர் பிறகு நிரப்பிக்கொள்வார். காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் பக்கத்திலேயே உங்கள் கையால் மணியை எழுதுங்கள்.

கூட்டிப்போகும்போதே நேரம், வண்டி எண், வந்தவரின் பெயர்ப் பட்டை மூன்றையும் குறித்து எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அனுப்புங்கள். முன்பு இதற்காகவே வக்கீல்கள் தந்தி கொடுப்பார்கள். 2013-ல் தந்தி நின்றுபோனது. இப்போது மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட் ரசீதிலும் நேரம் விழும்.

பெரியவர்களை வையாதீர்கள். ஆனால் அவர்கள் சொன்ன 'பொறு' இருக்கிறதே, பர்மிங்காம் சிறையிலிருந்த மார்ட்டின் லூதர் கிங்குக்கும் 1963-ல் எட்டு மதகுருமார்கள் அதைத்தான் சொன்னார்கள். 'பொறு' என்பது பெரும்பாலும் 'ஒருபோதும் இல்லை' என்றே ஆகிவிட்டது என்று அவர் பதில் எழுதினார். மறியல் செய்வதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம், வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 டிசம்பர் உத்தரவு. அந்த மூன்று நாள் பதிவை அழிக்கக் கூடாது என்று எஸ்.பி.க்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் இந்த வாரமே மனுப் போடுங்கள். பையன் உள்ளே போன மணி அதில் இருக்கும்.