கெமராப் பெட்டி: பழைய லென்ஸ், புதிய கெமரா

கேள்வி: அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவருடைய நிக்கோன் எஃப்.எம்.2 கெமராவும் 28, 50, 105 மில்லிமீற்றர் லென்ஸ் மூன்றும் இப்போது என்னிடம். பழைய டிஜிட்டல் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். டி3400 ஒன்று வருகிறது, கொஞ்சம் கூட விலைக்கு டி7100 ஒன்றும் வருகிறது. டி3400தான் பிந்தி வந்தது, அதையே எடு என்கிறார்கள் கூட்டாளிகள். அப்பாவின் லென்ஸ் எதில் ஏறும், மாமா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: இரண்டிலும் ஏறும் தம்பி. ஆனால் ஏறுவது வேறு, வேலை செய்வது வேறு. நிக்கோன் 1959இல் போட்ட எஃப் மவுண்டை, அதாவது லென்ஸ் மாட்டும் வாயை, எஸ்.எல்.ஆர் (உள்ளே மிரர் வைத்த) கெமராக்களில் கடைசி வரை மாற்றவேயில்லை. வாய் அதே வாய்தான். லென்ஸும் கெமராவும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லும் வழிதான் மாறிக்கொண்டே வந்தது.

டி3400 வந்தது 2016இல், டி7100 வந்தது 2013இல். உங்களுக்கு வேண்டியது அந்த மூத்த கெமராதான். அப்பாவின் லென்ஸை டி3400இல் மாட்டினால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யாது. எல்லாவற்றையும் கையால் வைக்கும் எம் மோட் ஒன்றுதான் கதி. குத்துமதிப்பாக ஷட்டர் வைத்து எடுத்து, திரையைப் பார்த்துத் திருத்தி, மறுபடி எடுக்க வேண்டும். கொழும்பில் உச்சி வெயிலில் அப்படிக் காலம் தள்ளலாம். நம்ம பக்கம் தேர் திரும்பும்போது பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிடும், நீங்கள் திருத்தி முடிப்பதற்குள் வெளிச்சம் இரண்டு ஸ்டொப், அதாவது காற்பங்காக, இறங்கியிருக்கும்.

டி7100இன் மவுண்ட் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு சிறு கொக்கி இருக்கிறது. லென்ஸின் அப்பர்ச்சர் (வெளிச்சம் புகும் துளை) வளையத்தில் உள்ள வெட்டு அதைத் தள்ளும். வளையத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கெமராவுக்குத் தெரிவது அப்படித்தான். மெனுவுக்குள் போய் லென்ஸின் குவிய நீளத்தையும் (அந்த 28, 50, 105) மிகப் பெரிய அப்பர்ச்சரையும் ஒரு தடவை எழுதி வையுங்கள். ஒன்பது லென்ஸ் வரை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு, அப்பர்ச்சரை நீங்கள் வைக்க ஷட்டரைக் கெமரா போடும் ஏ மோடில், மீட்டர் எஃப்.எம்.2இல் போலவே உங்களுக்கு உழைக்கும். டி7000, டி7200 இரண்டிலும் இந்தக் கொக்கி உண்டு. அவற்றுக்குப் பின்னால் வந்த டி7500இல் அதை எடுத்துவிட்டார்கள். எதற்கு எடுத்தார்களோ, எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாட்டுவதற்கு முன் ஒரு வேலை. லென்ஸைத் திருப்பி, அப்பர்ச்சர் வளையத்தில் மவுண்டை ஒட்டிப் பாருங்கள். பெரிய எண்களுக்குக் கீழே பொடி எழுத்தில் அதே எண்கள் இரண்டாம் வரிசையாக இருந்தால் அது ஏ.ஐ லென்ஸ், 1977க்குப் பிந்திய முறை, பயமில்லை. அந்த இரண்டாம் வரிசை இல்லாவிட்டால் டி7100இல் மாட்டவே வேண்டாம். வளையத்தின் விளிம்பு கொக்கியில் ஏறி அதை உடைத்துவிடும். எஃப்.எம்.2 வந்ததே 1982இல்தான், அதனால் அதோடு வந்த லென்ஸ் ஏ.ஐயாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டூடியோக்காரர்கள் எங்களை நம்ப முடியாது. ஒரு லென்ஸ் கண்டியில் வாங்கியிருப்போம், ஒன்று கடனுக்கு ஈடாக வந்திருக்கும். மூன்றையும் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், டி3400இல் அந்தக் கொக்கியே இல்லாததால் அந்தக் கிழட்டு லென்ஸும் சேதமில்லாமல் அதில் ஏறும்.

போகஸ் இரண்டிலும் கையால்தான். எஃப்.எம்.2இல் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடி நடுவில் உருவம் இரண்டாகப் பிரிந்து ஒன்று சேருமே, அந்த வட்டத்தை இதில் தேடாதீர்கள். கீழே மூலையில் ஒரு சிறு புள்ளி எரியும், போகஸ் பட்டுவிட்டது என்று அர்த்தம். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்தால் அந்தப் புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம். பின்திரையில் படம் தெரியும் லைவ் வியூவில், எடுக்கும் ஆளின் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிலிம் 36க்கு 24 மில்லிமீற்றர். இந்த இரண்டு கெமராவின் சென்சரும் ஏறத்தாழ 23.5க்கு 15.6. லென்ஸ் விழுத்தும் படத்தில் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். அதனால் 50 லென்ஸ் 75 மாதிரியும், 105 லென்ஸ் 157 மாதிரியும் நடக்கும். முகம் எடுப்பதற்கு 50 இப்போதுதான் சரியான லென்ஸ் ஆகிறது. 105க்கு மண்டபத்தின் அந்தக் கோடியில் நிற்க வேண்டும், பழகிக்கொள்ளலாம். அடிபடுவது 28தான். தோட்ட லயத்தில் ஒரு சடங்கு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. சுவரோடு முதுகை ஒட்டி நின்றால் எதிர்ச்சுவருக்குப் பத்தடி. எஃப்.எம்.2இல் அந்த 28 லென்ஸுக்குள் ஏறக்குறைய 13 அடி அகலம் அடங்கும்: பிள்ளை, தாய்மாமன், சீர்த்தட்டு, ஓரத்தில் நிற்கும் அத்தை, எல்லாரும். டி7100இல் அதே இடத்தில் நின்றால் எட்டரை அடிகூட வராது. அத்தை வெளியே. அல்பம் கொடுக்கப் போகும்போது அந்த அத்தைக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்.

ஆகவே டி7100ஐ எடுங்கள். கூடவே ஏ.எஃப்-எஸ் வகை 18-55 லென்ஸ் ஒன்று பழையதாகப் பார்த்து வாங்குங்கள், காம்பராவுக்குள் அதுதான் சோறு போடும். இன்னும் கொஞ்சம் காசு சேர்க்கப் பொறுமை இருந்தால் டி700 அல்லது டி610 தேடுங்கள். சென்சர் பிலிம் அளவு, கொக்கியும் உண்டு. அப்பாவின் 28 மறுபடி 28 ஆகிவிடும்.

கேள்வி: என் கணவரின் கெனன் ஏ.ஈ.1 கெமராவும் 50 லென்ஸும் அலுமாரியில் கிடக்கின்றன. லென்ஸில் எஃப்.டி என்று போட்டிருக்கிறது. மகனிடம் கெனன் 1300டி இருக்கிறது. இரண்டும் கெனன்தானே, ஏன் மாட்ட முடியவில்லை? எடெப்டர் போட்டால் சரி என்கிறார் கடைக்காரர்.
- வாசகி, பண்டாரவளை

பதில்: பெயர்தான் ஒன்று, அம்மா. 1987இல் கெனன் பழைய மவுண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இ.எஃப் என்று புதிதாகத் தொடங்கியது. எஃப்.டி லென்ஸ் பிலிமிலிருந்து 42 மில்லிமீற்றர் தள்ளி உட்காரும்படி செய்தது. மகனின் கெமராவில் அந்த இடைவெளி 44. லென்ஸ் இன்னும் இரண்டு மில்லிமீற்றர் உள்ளே போக வேண்டும், போக வழியில்லை. நடுவில் எடெப்டரையும் வைத்தால் இன்னும் தள்ளித்தான் நிற்கும். பக்கத்தில் இருக்கும் தேயிலைப் பூ தெளிவாக விழும், எதிரே எல்லமலை கலங்கித்தான் தெரியும். கண்ணாடி வைத்த எடெப்டரும் விற்கிறார்கள். தூரம் தெளியும், ஆனால் நல்ல லென்ஸுக்குப் பின்னால் மலிவுக் கண்ணாடி ஒன்றைச் செருகியதாக ஆகிவிடும். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார்.

மகன் என்றைக்காவது மிரர்லெஸ் கெமராவுக்கு மாறினால் அந்த 50ஐ வெளியே எடுங்கள். கெனன் ஆர்.எஃப் மவுண்டில் இடைவெளி 20 மில்லிமீற்றர்தான். எடெப்டருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது, மலையும் தெளியும். அதுவரை ஏ.ஈ.1 செத்துவிட்டது என்று மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கெமராவுக்கு 6 வோல்ட் பற்றரி இல்லாமல் ஷட்டரே அடிக்காது. பற்றரியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

கேள்வி: லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் ஓடியிருக்கிறது. தோல் உறையில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.
- வாசகர், நுவரெலியா

பதில்: அந்தத் தோல் உறைதான் வில்லன். நுவரெலியா ஈரத்தை அது குடித்து வைத்துக்கொண்டு லென்ஸுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். அது பூஞ்சணம். ஒரு டோர்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். ஓரத்தில் இரண்டு நூல் என்றால் படத்தில் தெரியாது, தைரியமாகப் பாவியுங்கள். நடுவில் படர்ந்திருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் வெளிறிப் போகும். கழற்றித் துடைக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும், அதுவும் கூலி லென்ஸின் விலையைத் தாண்டாவிட்டால். இனிமேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் நீல நிற சிலிக்கா ஜெல்லும் போதும். நீலம் ரோஸ் ஆனால் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடுங்கள், பிறகு அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியமும் வேண்டாம். அரிசித் தூசு அத்தனையும் வளையத்துக்குள் போகும்.

கேள்வி: பிலிமில் எடுத்துப் பழக ஆசைப்பட்டு கெனன் ஈஓஎஸ் 300 வாங்கினேன். என் டிஜிட்டல் கெமராவின் 18-55 லென்ஸ் அதில் ஏறவில்லை. 300இல் ஏறும் என்றுதான் இணையத்தில் போட்டிருந்தது.
- மாணவன், கொட்டகலை

பதில்: அது 300டி, தம்பி. 2003இல் வந்த டிஜிட்டல். நீங்கள் வாங்கியது 300, பிலிம். ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டீர்கள். உங்கள் 18-55இன் பின்பக்கம் வெள்ளைச் சதுரம் இருக்கும், அது இ.எஃப்-எஸ். சிவப்புப் புள்ளி இருந்தால் இ.எஃப். பிலிம் கெமராவின் வாயில் சிவப்புப் புள்ளி மட்டும்தான் இருக்கும். இ.எஃப்-எஸ் லென்ஸின் பிட்டம் உள்ளே நீண்டிருப்பதால் பிலிம் கெமராவின் பெரிய மிரர் அதில் போய் அடிக்கும். அழுத்தித் திருகிப் பார்க்காதீர்கள். இ.எஃப் 50 எஃப் 1.8 ஒன்று வாங்குங்கள், இரண்டு கெமராவிலும் ஏறும், இரண்டிலும் போகஸ் தானாக ஓடும்.

கேள்வி: பென்டக்ஸ் கே1000இன் லென்ஸை டிஜிட்டலில் போடலாமா?
- வாசகர், பதுளை

பதில்: பென்டக்ஸ் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் எதிலும் போடலாம். 1975இல் வந்த கே மவுண்டை அவர்கள் கைவிடவில்லை, இந்த விஷயத்தில் அவர்களை அடிக்க ஆளில்லை. மெனுவில் அப்பர்ச்சர் வளையத்தைப் பாவிக்க அனுமதி என்று ஒன்று இருக்கும், அதை முதலில் திறந்துவிடுங்கள். எம் மோடில் வைத்து, வளையத்தைத் திருப்பி, பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஷட்டரைக் கெமராவே போட்டுக் கொடுக்கும். வெளிச்சம் மாறினால் மறுபடி அழுத்துங்கள்.