மழை தப்பினால் குளத்தில் எது மிஞ்சும்? கேள்வி பதில்

டெல்டாவின் குளம், வாய்க்கால், சதுப்பில் வாழும் உயிர்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். மழையும் வறட்சியும் மாறி மாறி வரும்போது எந்த இனம் அழிகிறது, எது தப்பிக்கிறது என்று கேளுங்கள்.

மன்னார்குடி: சார், எங்க பக்கம் சராசரி மழை குறையலையே. குளத்தில் அயிரை ஏன் காணோம்?

சராசரியை நம்பாதீர்கள். மீன் நல்ல ஆண்டில் ஒன்றரை மடங்காகும், கெட்ட ஆண்டில் பாதியாகும் என்று வையுங்கள். சராசரி 1 மடங்கு, அந்தக் கணக்குப்படி மீன் குறையவே கூடாது. ஆனால் மீன் பெருகுவது பெருக்கல் கணக்கில். 1000 மீன் 1500 ஆகி, மறு ஆண்டே 750 ஆகிவிடும். ஐந்து நல்லது, ஐந்து கெட்டது கழிந்தால் மிஞ்சுவது சுமார் 237.

அந்த ஐந்து கெட்ட ஆண்டும் முதலிலேயே வரிசையாக வந்தால் 31 மீனுக்கு இறங்கும். 31 மீனைத் தீர்க்கக் கொக்குகளுக்கு ஒரு காலைப்பொழுது போதும். அப்புறம் மழை கொட்டினாலும் பெருக மீன் இருக்காது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2018-ல் மேட்டூர் நிரம்பியது. நல்லதையும் கெட்டதையும் கூட்டி வகுத்தால் கெட்ட ஆண்டு மறைந்துவிடும்.

பாபநாசம்: குறுவைக்கு எந்த மருந்து அடிக்கலாம்?

வேளாண் அலுவலரைக் கேளுங்கள்.

வேதாரண்யம்: கஜா புயலுக்குப் பிறகும் கோடியக்கரை வெளிமான் தாங்குமா?

ஒரே இடத்தில் அடைந்து கிடப்பதுதான் ஆபத்து. அமெரிக்காவில் ஹீத் ஹென் என்ற பறவை கடைசியில் ஒரே தீவில் மிஞ்சியது. 1908-ல் சரணாலயம் அமைத்தார்கள், எண்ணிக்கை ஏறியது. 1916-ல் தீ, அடுத்துக் கடுங்குளிர், வேட்டைப் பறவைகள், நோய். 1932-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. கிண்டியிலும் வல்லநாட்டிலும் வெளிமான் உண்டு. ஆனால் அங்கிருந்து கோடியக்கரைக்கு நடந்து வர வழியில்லை.

குடவாசல்: சராசரி மழை சரியாத்தானே சார் இருக்கு?

முதல் பதிலைப் படியுங்கள்.

திருத்துறைப்பூண்டி: அண்ணே, எல்லாக் குளத்தையும் வாய்க்காலால் இணைத்துவிட்டால் போதுமே?

பாதி சரி. ஒரு குளத்தில் அற்றுப்போன மீன் பக்கத்துக் குளத்திலிருந்து ஏறி வரும். ஆனால் அதே வழியாக, நம் மீன்களைத் தின்னும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நோயும் வரும்.

மறுபடி அவரே: கெளுத்திக்குப் பயந்து வாய்க்காலை அடைக்கச் சொல்றீங்களா? கடைமடைக்காரன் நான், எனக்குத் தண்ணி வேணும்.

அடைக்கச் சொல்லவில்லை, தம்பி. உங்கள் கோபம் நியாயம். எல்லாக் குளமும் ஒரே ஆழம், ஒரே மதகு, ஒரே நாளில் நிரம்பி ஒரே நாளில் வற்றினால், ஒரு வறட்சி எல்லாவற்றையும் சேர்த்தே அழிக்கும். அப்போது இணைப்பிலும் பயனில்லை, ஏறி வர மீன் எங்கே? சில குளம் ஆழமாக, சில தாமதமாக வற்றட்டும். அந்த வித்தியாசம் இருந்தால்தான் இணைப்பு உதவும்.

நன்னிலம்: பலவகை மீன் இருந்தால் பாதுகாப்பா?

எல்லாம் ஒரே மாதிரி தவித்தால் இல்லை. குறவை காற்றைச் சுவாசித்துச் சேற்றில் சமாளிக்கும், கெண்டையால் முடியாது. வறட்சியைத் தாங்கும் விதம் வேறுபட வேண்டும்.

வலங்கைமான்: சராசரி...

அதற்கு இனிப் பதில் எழுதப்போவதில்லை. மன்னிக்கவும்.

நீடாமங்கலம்: அடுத்த கோடையில் குளம் தூர்வாருகிறோம். கவனிக்க வேண்டியது?

நல்ல கேள்வி. காய்ந்த சேற்றில் நீர்த்தெள்ளு போன்ற சிற்றுயிர்களின் முட்டைகள் பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். கெட்ட ஆண்டுகளை அவை அப்படித்தான் கடக்கின்றன. மீன்குஞ்சுக்கு அவையே இரை. மொத்தச் சேற்றையும் லாரியில் ஏற்றினால் அந்தச் சேமிப்பும் போய்விடும். ஒரு மூலையைத் தொடாமல் விடுங்கள், நடுவில் ஒரு பள்ளத்தை ஆழமாக வெட்டுங்கள்.