விளையாட்டு அறையில் ஒரே நிறப் பொம்மைகளா?

கேள்வி: குழந்தைகளுக்கு விளையாட்டுச் சிகிச்சை, அதாவது விளையாட்டு வழியாக மனநலச் சிகிச்சை, அளிக்கிறேன். அறையில் உள்ள பொம்மைகள் எல்லாமே வெள்ளைத் தோல், பொன்னிற முடி. வருகிற பிள்ளைகளோ பல இனத்தவர். கறுப்புப் பொம்மை ஒன்று வாங்கி வைத்தால் போதுமா? குழந்தை அதை ஒதுக்கினால் என்ன செய்வது?

பதில்: ஒன்று போதாது. தனிப் பொம்மை அழையா விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் அதிகம் ஆடுவது வீட்டு நாடகம்தான். தன் வீட்டுச் சண்டையை நடத்திப் பார்க்க அம்மா, அப்பா, பாட்டி, கைக்குழந்தை எல்லாரும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் முழுக் குடும்பமாக வாங்குங்கள். கலப்பினக் குடும்பத்துப் பிள்ளை தனக்கு வேண்டியவர்களைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளும்.

வாங்கும்போது முகத்தைப் பாருங்கள். ஒரே அச்சில் வார்த்துப் பழுப்புச் சாயம் மட்டும் ஏற்றியவை உண்டு. மூக்கு, உதடு, முடி எதுவும் மாறியிருக்காது. கைப்பொம்மைகளில் டாக்டர் வெள்ளை, திருடன் கறுப்பு என்று அமைந்த செட் வேண்டவே வேண்டாம். தொப்பியையும் கோட்டையும் கழற்றி மாட்ட முடிந்தால், யார் டாக்டர் என்பதைக் குழந்தையே முடிவு செய்யும்.

சரி, ஒதுக்கினால்? அது புதிதல்ல. 1940களில் அமெரிக்க உளவியலாளர்களான கென்னத், மேமி கிளார்க் தம்பதி நிறம் மட்டுமே மாறுபட்ட பொம்மைகளைக் காட்டி, 3 முதல் 7 வயதுக் கறுப்பினக் குழந்தைகளிடம் 'எது நல்ல பொம்மை?' என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் கென்னத் கிளார்க்கின் எழுத்தும் மேற்கோள் ஆனது. ஆனால் அவர்கள் நடத்தியது சோதனை, நீங்கள் நடத்துவது சிகிச்சை. 'உன்னைப் போல எது?' என்று கேட்காதீர்கள். 'இது உனக்கு' என்று கையில் திணிக்கவும் வேண்டாம்.

பழுப்புப் பொம்மையை 'அழுக்கு' என்று சொல்லித் தண்ணீரில் போட்டுத் தேய்க்கிறது ஒரு குழந்தை. அப்போது 'அப்படிச் சொல்லக் கூடாது' என்று பாடம் எடுத்தால் விளையாட்டு அதோடு நின்றுவிடும். 'அழுத்தித் தேய்க்கிறே. அவ இப்படி இருக்கிறது உனக்குப் பிடிக்கலை' என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அந்தச் சொல்லை யாரிடம் கேட்டது என்பது பின்னால் வேறொரு ஆட்டத்தில் வெளிவரலாம். ஒருமுறை நடந்ததை வைத்துத் 'தாழ்வு மனப்பான்மை' என்று எழுதிவிடாதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பழைய பொம்மைகளை மொத்தமாகத் தூக்கிப் போடாதீர்கள். சிகிச்சையின் நடுவில் இருக்கும் குழந்தை அவற்றில் ஒன்றைத் தேடி வரலாம். 'அலமாரியில் புதுசா சிலர் வந்திருக்காங்க' என்று சொன்னால் போதும்.