குடிநீர் அறிக்கையை வைத்துத் தக்காளிக்கு முடிவெடுக்கலாமா?

கேள்வி: தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் சொட்டுநீர் போட்டுத் தக்காளி வைத்திருக்கிறேன். காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்கிப்போகிறது. பூஞ்சாணக்கொல்லி அடித்தும் நிற்கவில்லை. கால்சியம் நைட்ரேட்டைச் சொட்டுநீரில் விட்டும் பயனில்லை. எங்கள் போர்வெல் தண்ணீரைக் குடிநீருக்காகப் பரிசோதித்ததில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் என்று வந்தது. அதுதான் காரணமா? தக்காளியையே விட்டுவிடலாமா ஐயா?

பதில்: தக்காளியை விட வேண்டாம். பூஞ்சாணக்கொல்லியை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் நுனி அழுகல். காய்க்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேராததால் வருவது. பூஞ்சாணம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொள்வதுதான். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாகப் பாய்ச்சினாலும், யூரியா கூடிப்போனாலும் இது வரும்.

ஃபுளோரைடு காயைக் கறுக்க வைப்பதில்லை. ஆனாலும் அந்த அறிக்கை ஒரு துப்புக் கொடுக்கிறது. நம் மாவட்டத்துப் பாறைக்கடியில் ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரில் பெரும்பாலும் கால்சியம் குறைவாகவும், சோடியமும் பைகார்பனேட்டும் கூடுதலாகவும் இருக்கும். அப்படியானால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கால்சியம், வேருக்குப் போகும் முன்பே குழாயில் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். சொட்டுவான் வாயில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் சுரண்டி, அதன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது கார்பனேட்.

இது ஊகம்தான், உறுதி செய்ய வேண்டியது பாசன நீர்ப் பரிசோதனை. குடிநீர் அறிக்கையில் அதற்கான விடை முழுதாக இருக்காது. மின்கடத்துத்திறன் (மொத்த உப்பைக் காட்டுவது), கார அமில நிலை, சோடியம் உறிஞ்சு விகிதம் (கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்பது), எஞ்சிய சோடியம் கார்பனேட் (கால்சியம், மெக்னீசியத்தை மிஞ்சி நிற்கும் கார்பனேட்டும் பைகார்பனேட்டும்) ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். கடைசியில் சொன்னது லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலண்டுக்குள் (அறிக்கையில் போடும் அலகு இது) இருந்தால் கவலையில்லை; 2.5-ஐத் தாண்டினால் மண் இறுகத் தொடங்கும். கடைக்காரர் பேனா போல ஒரு கருவியை முக்கிக் காட்டும் டி.டி.எஸ். எண், அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு, இதில் எதையும் பிரித்துச் சொல்லாது.

மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி, அன்றைக்கே கொடுங்கள். கூடவே மண்ணும் போகட்டும்: வரப்போரம், எருக்குழி, மரநிழல் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரியுங்கள்.

அதுவரை தினமும் அளவாகத் தண்ணீர் விடுங்கள். இளங்காய்களில் படும்படி கால்சியம் குளோரைடை லிட்டருக்கு 5 கிராம் வீதம் மாலையில் தெளியுங்கள். ஏற்கெனவே கறுத்த காய் தேறாது, பறித்து எறியுங்கள். இப்படிப்பட்ட தண்ணீரைச் சீராக்கப் போடும் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) மூட்டையை இப்போதே இறக்கிவிடாதீர்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட் ஒவ்வொரு மில்லி ஈக்விவலண்ட் குறைய, பத்து லட்சம் லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 86 கிலோ தூய ஜிப்சம் என்பது கணக்கு. அறிக்கை இல்லாமல் அதை எப்படிப் போடுவது?

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. பயிரைவிட அதுதான் அவசரம். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-க்கு மேல் கூடவே கூடாது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறியும். பல் முளைக்கும் வயதுக் குழந்தைகளுக்கு இந்தப் போர்வெல் தண்ணீரைக் கொடுக்காதீர்கள்; குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வையுங்கள். மாடுகளுக்கு 2 மில்லிகிராம்தான் எல்லை என்பதால், கன்றுகளின் தொட்டியிலும் மழைநீரோ வேறு நல்ல தண்ணீரோ கலந்து ஊற்றுங்கள்.